மன்னார் வழியும் குடற்சுவரின் வாயிலும்

இலங்கைக்கும் தமிழகத்துக்கும் இடையிலே கடல் மிகவும் ஒடுங்கிக் கிடப்பது மன்னார்ப் பகுதியிலேயாம். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீற்றருக்கும் உட்பட்ட தூரத்திலே உள்ளது. மன்னாரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் மாந்தைத் துறையின் பழம்பெருமையையும், திருக்கேதீச்சரத்தின் தொன்மையையும், சிலாவத்துறைக் கரையோரத்து முத்துக்குளிப்பையும் விரித்துரைத்திருக்கின்றனர். அவை உரைக்கத் தக்கனவே. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கடலைக் கடந்தவருள் எண்ணிக்கையாற் பெரியோர் முத்து வணிகருமல்லர், யாத்திரிகருமல்லர். மலைநாட்டுத் தோட்டங்களிலே கூலி வேலைக்கென வந்த தமிழ்நாட்டு ஏழை மக்களே அவர்கள். அவருட் பலர் தோட்டத்தைக் காணாமலே வழியில் மாண்டனர். அவரைக் கொன்ற நோய்களுள் முதன்மையானது வாந்திபேதி எனப்படும் காலரா.

இக்கட்டுரை அவ்வழியின் வரலாற்றோடு, அதற்குத் தொடர்பில்லாததுபோலத் தோன்றும் வேறொரு வரலாற்றையும் இணைத்து நோக்குகின்றது. அது மனிதனின் சிறுகுடற் சுவரிலே அமைந்திருக்கும் ஒரு புரதம் எவ்வாறு அறியப்பட்டது என்னும் வரலாறு. மன்னார் வழியில் நீர் வற்றி இறந்த ஒவ்வொருவர் குடலிலும் அப்புரதம் இறுதி நாழிகை வரையும் பழுதுபடாது தொழில்புரியக் காத்திருந்தது என்பதை இன்று நாம் அறிவோம். அக்காலத்தில் அதனை அறிந்தவர் எவருமிலர்.

முதலில் வழியை நோக்குவோம். 1820களிலே கண்டிப் பகுதியிற் கோப்பிப் பயிர் வேரூன்றியது. 1830களின் பிற்பகுதியிலிருந்து தோட்டங்கள் விரைந்து பெருகின. கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு மாத்திரம் பெருந்தொகையான ஆட்கள் வேண்டியிருந்தனர். எனவே அக்காலத்துத் தொழிலாளர் நிலையாகக் குடியேறியவரல்லர். பருவத்தில் வந்து பருவம் முடியத் திரும்புவோர். இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் முதலிய சீமைகளின் ஊர்களிலிருந்து கங்காணிமாரின் பின்னே கூட்டங்கூட்டமாக நடந்து கடற்கரை சேர்ந்து, தோணியேறித் தலைமன்னார், அரிப்பு முதலிய துறைகளில் இறங்கினர். இறங்கிய பின்பும் நடையே. தலைமன்னாரில் இறங்கியோர் மன்னார்த் தீவின் மணல்வெளியைத் தாண்டி, வன்னிக் காட்டினூடே மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்னும் இடங்களைக் கடந்து மாத்தளையை அடைவர். இதனையே ஆங்கிலேயர் வடபாதை என்றனர். பாதை என்ற சொல் அதற்குச் சற்று மிகையானது. நெடுந்தூரம் மனிதர் குடியிருப்பில்லை. கோடையிலே குளங்கள் சேறாகிக் கிடக்கும். முன்னே சென்ற கூட்டத்தார் குளித்துக் கால் கழுவிய அந்த நீரையே பின்னே வரும் கூட்டத்தார் பருகவேண்டும்.

வாந்திபேதி பரவுவதற்கு இதனினும் ஏற்ற ஓர் ஒழுங்கைத் திட்டமிட்டுச் செய்தாலும் அமைத்தல் அரிது. 1817ஆம் ஆண்டிலே வங்காளத்து ஜெசோர் பகுதியிற் பெருங்கொள்ளையாக எழுந்த அந்நோய் அடுத்த இரண்டொரு ஆண்டுக்குள் இலங்கையையும் எட்டிவிட்டது. அதன்பின் தமிழகத்து ஊர்களில் அது எழுந்த போதெல்லாம் தோணிகளோடு அதுவும் கடல் கடந்தது. 1841 முதல் 1849 வரையுள்ள ஆண்டுகளில் வந்த தொழிலாளருள் ஏறத்தாழ 70,000 பேர், அஃதாவது நால்வருள் ஒருவர், இறந்தனர் என அக்காலத்துக் கொழும்புப் பத்திரிகை ஒன்று கணக்கிட்டது. அது தலையெண்ணிப் பெற்ற தொகையன்று. வந்தோர் தொகைக்கும் மீண்டோர் தொகைக்கும் உள்ள வேற்றுமையினின்று ஊகித்தது. மலைநாட்டிலேயே தங்கிவிட்டோரும் பதிவின்றித் திரும்பியோரும் அதனுள் அடங்கியிருத்தல் கூடும். வரலாற்று மாணவர் அதனை அப்படியே ஏற்றல் தகாது. ஆனால் எண்ணை எவ்வளவு குறைத்தாலும் வழியோரத்துப் பிணங்களைப் பற்றி அக்காலத்தார் எழுதியவற்றைக் குறைத்தல் இயலாது. இறந்தவர் பெயரை எழுதி வைத்தோர் எவருமில்லை என்பதே அத்தொகை தெளிவற்றிருப்பதற்குக் காரணம்.

இந்நோய் எவ்வாறு கொல்கின்றது? நோயாளிக்குக் காய்ச்சல் பெரிதாக இராது. வயிற்றுவலியும் பெரிதன்று. திடீரென நீர்போன்ற பேதி தொடங்கும். நிறமும் நாற்றமும் இன்றி, அரிசி களைந்த நீரையும் கஞ்சித் தெளிவையும் ஒத்திருக்கும். கடுமையானால் மணிக்கு ஒரு லீற்றர் அளவும் போகும். கண் குழி விழும், விரற்றோல் சுருங்கும், குரல் அடங்கும், கெண்டைக்கால் இழுக்கும், நாடி மறையும். காலையில் நடந்தவன் மாலையிற் பிணமாவான். அறிவு மாத்திரம் பெரும்பாலும் கடைசிவரை மயங்காது. தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருப்பான்.

அத்தண்ணீரை மருத்துவர் கொடுக்கவில்லை என்பது இன்று நமக்கு வியப்பளிக்கும். சென்னை மருத்துவ சேவையிலே புகழ்பெற்ற ஜேம்ஸ் ஆன்சிலி என்பார் 1820களில் எழுதிய நூல்களில் நரம்பைக் கீறி இரத்தம் வாங்குதலையும், கலோமெல் என்னும் இரசக் கலவையைப் பெருமளவிற் கொடுத்தலையும் வற்புறுத்தினார். அபினியும் பிராந்தியும் வேறு பலரால் வழங்கப்பட்டன. குடித்த நீர் வாந்தியைத் தூண்டும், பேதியைப் பெருக்கும் என்பதே அவர்கள் எண்ணம். நம்மவரிடையேயும் பேதிக்குப் பட்டினியே மருந்து என்னும் கொள்கை வலுத்திருந்தது. ஏற்கெனவே நீரும் உப்பும் வடிந்து குழம்பாகிப்போன இரத்தத்தை மேலும் வெளியேற்றுவதும், நீர் கேட்டவனுக்கு நீரை மறுப்பதும் ஒரு நூற்றாண்டின் பெரும்பகுதி அறிவுசார்ந்த சிகிச்சையாக மதிக்கப்பட்டன. கங்காணி கைவிட்டுச் சென்ற நோயாளியும் ஆசுப்பத்திரியிற் சேர்க்கப்பட்ட நோயாளியும் ஏறக்குறைய ஒரே முடிவையே எய்தினர் என்று சொன்னால் அது மிகையாகாது.

அரசினர் வாளாவிருந்தனர் என்று கூறுவதும் நேர்மையன்று. வழியிடையே தங்கு கொட்டகைகளும் கிணறுகளும் மருந்தகங்களும் காலப்போக்கில் அமைந்தன. ஆனால் அவர்களின் கவலை நோயாளியைப் பற்றியது என்பதிலும், நோய் தோட்டங்களுக்கும் நகரங்களுக்கும் பரவாது தடுப்பதைப் பற்றியது என்பதே பொருந்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலே பிளேக்கு நோய் பற்றிய அச்சம் எழுந்தபோது வடபாதை அடைக்கப்பட்டுத் தொழிலாளர் தூத்துக்குடி வழியே கொழும்புக்குத் திருப்பப்பட்டனர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் இருகரையிலும் புகையிரதமும் ஓடத் தொடங்கியபின் மன்னார் மீண்டும் வாயிலாயிற்று. ஆனால் அவ்வாயிலுக்கு ஒரு காவற்கூடம் கடலுக்கு அப்பாலே மண்டபத்தில் அமைந்தது. அங்கே தொழிலாளர் சில நாள் தடுத்து வைக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்ட பின்னரே கப்பலேற விடப்பட்டனர். நோயைத் தடுக்கும் வகையில் அது பயனுடைய ஏற்பாடே. என்றாலும் மனிதனை நோய் தாங்கிவரும் சுமையாகக் காணும் பார்வையும் அதனோடு கூடவே இருந்தது.

இங்கே ஒரு செய்தியை இடையிற் கூறிச் செல்லல் பொருந்தும். வடபாதையிலே மக்கள் இவ்வாறு மாண்டுகொண்டிருந்த அதே காலத்திலேதான், அதே வடமாகாணத்து மானிப்பாயில், அமெரிக்க மிஷன் வைத்தியராகிய சாமுவேல் கிறீன் தமிழர்க்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து வந்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவரும் அவருடைய மாணவரும் ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்களைத் தமிழில் ஆக்கினர். இரசாயனத்தைப் பற்றிய ‘கெமிஸ்தம்’ 1875இல் வெளிவந்தது. உடலின் தொழிலை இரசாயனத்தால் விளக்கலாம் என்னும் எண்ணம் நம் மொழிக்குப் புதியதன்று என்பதை எடுத்துக்காட்டவே இதனைக் குறித்தேன். குறைவாயிருந்தது மொழியன்று, உலகில் எம்மொழியிலும் அப்பொழுது இல்லாதிருந்த ஓர் அறிவே.

அவ்வறிவின் முதற்பாதி உண்மையில் மிக முன்னரே கிடைத்திருந்தது. 1831ஆம் ஆண்டிலே காலரா இங்கிலாந்தை எட்டியபோது ஓஷானசி என்னும் இருபத்திரண்டு வயது இளைஞர் நோயாளரின் இரத்தத்தைப் பகுத்தாராய்ந்து, அதில் நீரும் உப்புகளும் பெரிதும் குறைந்துவிட்டன என்றும், மலத்திலே காணப்படுவன அவ்வுப்புகளே என்றும் காட்டினார். நோயின் மர்மமெல்லாம் இழப்புக் கணக்காக மாறியது. அடுத்த ஆண்டு ஸ்கொத்லாந்திலே தோமஸ் லாற்றா என்னும் வைத்தியர் உப்புநீரை நோயாளியின் நாளத்தினுள்ளே செலுத்தினார். நாடியற்றுக் கிடந்த முதியவள் ஒருத்தி கண்விழித்துப் பேசினாள். ஆயினும் பேதி நிற்கவில்லை. வைத்தியர் நீங்கிய பின் மீண்டும் நீரிழந்து இறந்தாள். இழந்ததனைத்தையும் தொடர்ந்து ஈடு செய்யவேண்டும் என்பதும், செலுத்தும் நீர் தூய்மையாக இருக்கவேண்டும் என்பதும் அக்காலத்தில் உணரப்படாமையால் அம்முறை கைவிடப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே கல்கத்தாவில் லெனாட் றோஜர்ஸ் அதனை மீட்டெடுத்துச் செறிவான உப்புக் கரைசலால் இறப்பு வீதத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தார். ஓஷானசியும் பின்னாளிற் கல்கத்தாவுக்கே வந்தார். ஆனால் இந்தியா அவரை நினைவு கூர்வது தந்திக்கம்பிகளை நாட்டியவர் என்றே.

நாளத்தின் வழி உப்புநீர் ஏற்ற ஊசியும் குழாயும் காய்ச்சி வடித்த நீரும் பயின்ற கையும் வேண்டும். மதவாச்சிக் காட்டிலே அவை எங்கே? வாயால் அருந்தும் நீர் குடலாற் கொள்ளப்படுமாயின் மாத்திரமே ஏழைக்கு விடிவுண்டு. அங்கேதான் ஒரு தவறான கொள்கை நூறாண்டு வழிமறித்து நின்றது. ஜெர்மானிய அறிஞர் பிர்ஹோ உள்ளிட்ட பெரியோர், காலராவிலே குடலின் உட்படலம் உரிந்து விழுந்துவிடுகிறது என்று கருதினர். இறந்தோர் உடலை அறுத்துப் பார்த்தபோது படலம் உரிந்திருந்தது உண்மையே. ஆனால் அது இறந்தபின் நேரும் அழிவு. உயிருள்ள நோயாளரின் குடலிலிருந்து சிறு துணுக்கை எடுத்து நோக்கும் கருவி வந்தபின், 1960ஆம் ஆண்டிலே கங்கரோசா என்பாரும் அவர் குழுவினரும் அப்படலம் முற்றாகச் சிதையாது நிலைத்திருத்தலைக் கண்டனர். உரிந்த சுவர் எதையும் உறிஞ்சாது. நிலைத்த சுவர் உறிஞ்சக்கூடும். அந்த ஒரு காட்சி சிகிச்சையின் திசையையே மாற்றியது.

சுவர் பழுதுறவில்லையெனின் நீர் பெருக்கெடுப்பது எதனால்? இதற்கு விடையளித்தவர் கல்கத்தாவின் சம்புநாத் தே. முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருமுனையும் கட்டி அதனுள்ளே காலராக் கிருமியைச் செலுத்தினால் அப்பகுதி நீரால் நிறைந்து வீங்குதலை அவர் 1953இற் காட்டினார். 1959இல் கிருமிகளை வடிகட்டி நீக்கிய கரைசலும் அதே விளைவைத் தரும் என நிறுவினார். எனவே கொல்வது கிருமியன்று, அது கக்கும் நஞ்சு. முக்கால் நூற்றாண்டுக்கு முன்னே கொக் முதலியோர் ஊகித்துக் காட்ட முடியாது விட்டதை எளிய கருவிகளோடு தனியே உழைத்த ஒருவர் காட்டினார். அவருக்கு உரிய மதிப்பு அவர் வாழ்நாளிலே தாய்நாட்டில் கிடைக்கவில்லை என்பதை நான் சொல்லாமற் போதல் இயலாது.

அந்நஞ்சும் ஒரு புரதமே. ஐந்து துணுக்குகள் வளையமாக அமைய, அவற்றின் நடுவே செயலாற்றும் ஒரு துணுக்கு நிற்கின்றது. வளையம் குடற்கலங்களின் மேற்பரப்பிலுள்ள ஜீ.எம். 1 என்னும் கொழுப்புச் சர்க்கரைப் பொருளைப் பற்றிக் கொள்கின்றது. 1970களின் தொடக்கத்திலே இது தெளிவாயிற்று. பற்றிய பின் உள்ளே நுழையும் துணுக்கு, கலத்தின் கட்டளைப் பொறியொன்றை அணையாது எரியும் விளக்குப்போல ஆக்கிவிடுகின்றது. அதனாற் குளோரைட்டு வெளியேறும் மதகு திறந்தபடி நிற்கும். குளோரைட்டைச் சோடியமும், இரண்டையும் நீரும் பின்தொடரும். இதுவே அக்கஞ்சித் தெளிவு.

இனி உறிஞ்சும் பக்கத்தைக் காண்போம். சிறுகுடலின் உட்சுவர் மென்மையான தளமன்று. எண்ணற்ற சடைமுளைகள் அதிலே நெருங்கி நிற்கின்றன. ஒவ்வொரு சடைமுளையையும் மூடிய கலங்களின் முகத்திலே மேலும் நுண்ணிய மயிர்போன்ற நீட்சிகள் உள்ளன. இந்நீட்சிகளின் சவ்வு கொழுப்பாலானது. உப்போ சர்க்கரையோ அதனூடே தானாகக் கசிந்து செல்லாது. ஒவ்வொன்றுக்கும் உரிய புரதம் சவ்விலே பதிந்திருந்து, தன் பொருளை இனங்கண்டு பற்றி உள்ளே சேர்க்கவேண்டும். உணவுண்டல் வேறு, உணவு உடலிற் சேர்தல் வேறு என்பதன் பொருள் இதுவே. உயிர் இரசாயனம் இப்புரதங்களைக் காவிகள் என்று வழங்கும்.

குளுக்கோசைக் காவும் புரதத்தின் இயல்பு சிறிது சிறிதாக வெளிப்பட்டது. 1958இலே கனடாவில் றிக்லிஸ், குவாஸ்டெல் என்னும் இருவர், சோடியம் இல்லாத கரைசலில் குடல் சர்க்கரையை நன்கு உறிஞ்சுவதில்லை எனக் கண்டனர். 1960 ஆகஸ்ட் மாதம் பிராக் நகரிலே கூடிய மாநாடொன்றில் ரொபேட் கிறேன் இதற்கு விளக்கம் கூறினார்: சோடியமும் குளுக்கோசும் ஒரே காவியைப் பற்றி ஒருங்கே உள்நுழைகின்றன, சோடியம் உள்ளே புகும் விசையே குளுக்கோசையும் இழுத்துச் செல்கின்றது. அவ்விசையைத் தருவது எது? கலத்தின் மறுபக்கத்திலே ஒரு பம்பி ஓயாது இயங்கிச் சோடியத்தை வெளியே இறைத்து, கலத்தினுள் அதன் அளவைத் தாழ்வாக வைத்திருக்கின்றது. அப்பம்பியை டென்மார்க்கு நாட்டு ஜென்ஸ் ஸ்கூ 1957இற் கண்டறிந்தார். அதற்கென அவர் நோபல் பரிசு பெற்றது 1997இல். ஏற்றக்காரன் கிணற்றை இறைக்க இறைக்க ஊற்று உள்ளே சுரப்பதுபோல, பம்பி இறைக்க இறைக்கச் சோடியம் குடலிலிருந்து உள்ளே விரைகின்றது. அதன் கையைப் பற்றிக் குளுக்கோசும் வருகின்றது. இரண்டையும் தொடர்ந்து நீர் வருகின்றது.

மன்னார்த் தீவுக்கு அழகு தரும் பனைக்கும் இப்பம்பிக்கும் ஒரு தொடர்புண்டு. பனம்பழத்தின் கைப்புக்குக் காரணமான பிளாபெல்லிபெரின் என்னும் பொருள்களை ஆராய்ந்த ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தார், அவற்றுள் ஒன்று எலிகளின் குடலிலே இப்பம்பியின் தொழிலைத் தடுத்துக் குளுக்கோசு உறிஞ்சப்படுதலைக் குறைப்பதைக் கண்டனர். பனாட்டு உண்பதால் மனிதர்க்கு என்ன நேரும் என்பது வேறு கேள்வி. எனினும் நம் முற்றத்து மரமும் பிராக் மாநாட்டின் பொருளும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன என்பது எண்ணத்தக்கது.

கிறேன் ஓர் இரசாயனப் புதிரை விடுவித்தார். காலராவை அவர் நினைத்திருக்கவில்லை. இங்கேயே நம் வரலாற்றின் முடிச்சு உள்ளது. காலரா நஞ்சு திறந்துவிடும் மதகு வேறு. சோடியமும் குளுக்கோசும் கூடிப் புகும் வாயில் வேறு. நஞ்சு முன்னதைக் கெடுக்கின்றது, பின்னதைத் தொடுவதில்லை. வெறும் நீரைக் குடித்தால் வடியும் அளவுக்கு ஈடாகாது. வெறும் உப்புநீரும் உதவாது. உப்பு மாத்திரம் புகும் வழிகளை நஞ்சு அடைத்துவிடுகின்றது. ஆனால் உப்போடு சர்க்கரை சேருமாயின் அவ்வாயில் திறக்கும். நாடி மறையும் நிலையிலுங்கூட அது திறக்கும்.

மருத்துவர் சிலர் இக்காரணம் அறியாமலே அவ்வாயிலின் அருகே வந்திருந்தனர். கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி வாயால் அருந்தும் குளுக்கோசு உப்பு நீராற் காலரா நோயாளரைக் குணப்படுத்தியதை 1953இல் ‘லான்செற்’ இதழில் வெளியிட்டார். இழப்பை அளந்து காட்டாமையால் மேனாட்டார் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1962இலே அமெரிக்கரான பிலிப்ஸ் மணிலாவிற் செய்த சோதனையில் கரைசலின் அளவும் செறிவும் பிழைத்தமையால் நோயாளர் சிலர் இறந்தனர். மருந்து எளிதென்பதால் அளவும் எளிதன்று. 1968இல் டாக்காவிலே நலின், காஷ் என்னும் இளைஞர்களும் அவர்களோடு உழைத்த வங்காள வைத்தியர்களும், வெளியேறும் அளவை அளந்து அதே அளவு கரைசலை ஊட்டும் முறையை நிறுவினர். ஊசிவழி நீரின் தேவை பெரிதும் குறைந்தது.

அதற்கு வந்த சோதனை ஆய்வுக்கூடத்திலன்று. 1971இல் வங்காளதேசப் போரின்போது இந்திய எல்லையைக் கடந்த அகதிகள் பொங்காவ் நகரிலே குவிந்தனர். ஆசுப்பத்திரியின் தரையெங்கும் மலமும் வாந்தியும் பரந்து கிடக்க அதன் மேலே நோயாளர் கிடந்தனர். நாளத்திற் செலுத்தும் நீர் தீர்ந்துகொண்டிருந்தது. வைத்தியர் திலீப் மகாலனபிஸ் 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் சாதாரண உப்பு, 2.5 கிராம் அப்பச்சோடா ஆகியவற்றைப் பொதியாக்கி, ஒரு லீற்றர் நீரிற் கரைத்துப் பீப்பாய்களில் நிரப்பினார். தாயும் தமக்கையும் அண்டை வீட்டாரும் கிண்ணங்கிண்ணமாக ஊட்டினர். 30 வீதமாக இருந்த இறப்பு 3.6 வீதமாகத் தாழ்ந்தது. ஏழு ஆண்டின் பின்னர் ‘லான்செற்’ இதழ், சோடியமும் குளுக்கோசும் இணைந்து செல்வதைக் கண்டறிந்தமை இந்நூற்றாண்டின் தலைசிறந்த மருத்துவ முன்னேற்றமாக இருத்தல் கூடும் என எழுதியது.

பொங்காவையும் வடபாதையையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இருத்தல் அரிது. எல்லை கடந்த ஏழைகள், அசுத்தமான நீர், கூட்டம், மருந்தின்மை, உறவினரின் கைகள் - எல்லாம் ஒன்றே. வேற்றுமை அறிவொன்றுதான். மன்னாரில் இறங்கியவரிடம் குளுக்கோசு இல்லை; ஆனால் அரிசி இருந்தது. அரிசி மாப்பொருள் என்பது குளுக்கோசுகளைக் கோத்த சங்கிலியே. உமிழ்நீரிலும் கணையநீரிலும் உள்ள நொதியம் அதனைத் துண்டாக்க, குடற்கலத்தின் முகத்திலே நிற்கும் வேறு நொதியங்கள் இறுதிக் கண்ணிகளையும் கழற்றி, வாயிலின் அருகிலேயே குளுக்கோசை விடுகின்றன. 1982இல் டாக்காவிலே மொல்லா என்னும் வைத்தியரும் அவருடைய குழுவினரும் குளுக்கோசுக்குப் பதிலாக அரிசிமாவைப் பயன்படுத்தி வெற்றி கண்டனர். காலராவைப் பொறுத்தவரை அரிசிக் கரைசல் பேதியின் அளவையும் குறைக்கின்றது எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. உப்பிட்ட கஞ்சி என்று நம் பாட்டிமார் சொல்வதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிதன்று.

ஆயினும் இதனாற் பழம்பெருமை பேச முற்படுதல் கூடாது. வழியில் இறந்தோருக்குக் கஞ்சி கொடுத்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பர் என்று நான் கூறேன். நாடி முற்றாக மறைந்தவனுக்கு நாளவழி நீர் இன்றியமையாதது. கஞ்சியின் உப்பு அளவற்றதாயின் தீங்கே விளையும். ஒரு நாளிற் பல லீற்றர்களை, வாந்தியெடுத்தாலும் விடாது, அளந்து அளந்து ஊட்டவேண்டும் என்பதை அக்காலத்து நாட்டு வைத்தியமும் சொல்லவில்லை, ஆங்கில வைத்தியமும் சொல்லவில்லை. ஒருபிடி அரிசியும் ஒரு கல் உப்பும் அவ்வளவு வன்மையுடையன என எண்ணுவதற்கு, குடற்சுவரின் அமைப்பை அறிந்த ஒருவர் தேவைப்பட்டார். இத்துணையும் ஒப்புக்கொண்ட பின்னும் ஒன்று எஞ்சுகின்றது. நடக்கும் வலிமை குன்றி, பேச்சு அடங்காத நிலையிலே பாதையோரம் விடப்பட்டோருட் பெரும்பாலோர் இம்முறையால் மீளத்தக்கவராகவே இருந்தனர்.

அவ்வாயிற் புரதத்தின் உருவம் நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. அது பிறவியிலேயே குறையுடையதாக அமைந்த குழந்தைகள் தாய்ப்பாலைக் குடித்த அளவிலே கடும்பேதியால் வருந்துவதை 1962இல் வைத்தியர்கள் விவரித்தனர். குளுக்கோசும் காலக்டோசும் நீக்கிய உணவே அவர்களைக் காப்பது. 1987இல் எடிகரும் ரைற்றும் அவர்தம் குழுவினரும் முயற்குடலின் மரபுச் செய்தியைத் தவளை முட்டையினுட் புகுத்தி, முட்டை சர்க்கரையை உள்வாங்குதலைக் கொண்டு அப்புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்தனர். மனிதரில் அது 664 அமினோவமிலங்களாலான சங்கிலி. சவ்வை 14 முறை ஊடுருவி மடிந்துள்ளது. ஒரு குளுக்கோசுக்கு இரண்டு சோடியம் என்னும் கணக்கிலே காவுகின்றது. இலத்திரன் நுணுக்குக்காட்டியின் உதவியால் அதன் உருவமைப்பு 2022இல் வெளியாயிற்று. கோப்பிக்காலத்துத் தொழிலாளியின் குடலிலும் அதே புரதம், அதே மடிப்போடு இருந்தது.

மன்னார் வழியோ பலமுறை மாறிவிட்டது. 1939இல் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடைசெய்தது. 1964 டிசம்பரிலே புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதே ஆண்டின் உடன்படிக்கைப்படி, வந்தவர்களின் பேரர்கள் தலைமன்னார் வழியே திருப்பியனுப்பப்பட்டனர். முன்னாளில் அவர்தம் முன்னோரைத் தடுத்து வைத்த மண்டபம் அவர்களுக்கும், 1983இன் பின் ஈழத்து அகதிகளுக்கும் தங்குமுகாமாயிற்று. போராற் சிதைந்த தலைமன்னார்ப் புகையிரதப் பாதை 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது. இலங்கையிலே ‘ஜீவனி’ என்னும் பெயரால் வழங்கும் வாய்வழிக் கரைசற் பொதி மருந்துக் கடைகளிற் சிறு விலைக்குக் கிடைக்கின்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2002 முதல் விதந்துரைக்கும் அளவின்படி ஒரு லீற்றர் நீருக்குக் குளுக்கோசு 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 1.5 கிராம், சோடியம் சித்திரேற்று 2.9 கிராம். அக்கரைசலிலே குளுக்கோசும் சோடியமும் எண்ணளவிற் சமம். லீற்றருக்கு ஒவ்வொன்றும் 75 மில்லிமூல்.